தீக்காயத்துக்கு எக்மோ போடலாமா? மச்சினனுக்குச் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மச்சினன், 31 வயது, கதவு ஜன்னல் சாத்தியிருந்த அறையில் கேஸ் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்ததில் உள்ளே மாட்டிக்கொண்டான். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து வெளியே இழுப்பதற்குள் மெத்தை, சோபா எல்லாம் எரிந்து அறை முழுக்கக் கரும்புகை. 42 சதவீதத் தீக்காயம் என்கிறார்கள். முகம், இரண்டு கைகள், நெஞ்சு, முதுகின் மேல்பாதி. சேர்த்த அன்றே தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். முதலில் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். இப்போது நுரையீரல் மோசமாகிக்கொண்டே போகிறது, ஆக்சிஜனை முழுக்கத் திறந்துவிட்டும் ரத்தத்தில் ஏறவில்லை, இன்றிரவு பார்த்துவிட்டு எக்மோ வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று யோசிப்போம் என்று ஐசியு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

எக்மோ என்றாலே எங்கள் வீட்டில் 2016 டிசம்பரில் ஜெயலலிதா அம்மாவுக்குப் போட்டதும் 2020ல் எஸ்பிபி சாருக்குப் போட்டதும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பெயரைக் கேட்டதுமே மாமியார் உடைந்துபோய்விட்டார். மாமனார் நிலத்தை விற்றாவது போட்டே ஆக வேண்டும் என்கிறார். டாக்டரிடம் பேசுகிற பொறுப்பு என்னுடையது, ஆனால் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

தீக்காயக்காரருக்கு இதைப் போடுவார்களா? போட்டால் புண் ஆறுமா, நுரையீரல் மட்டும்தானா? கடைசிக் கட்டத்தில் சும்மா போடுவதா, உண்மையிலேயே பலன் உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இரவுப்பணி

ஐசியு டாக்டராக வேலை பார்க்கிறேன். உங்கள் மச்சினனை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்குப் போடலாம், கூடாது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருக்கும் டாக்டர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

எக்மோ தீக்காயத்துக்கு வைத்தியம் கிடையாது. நுரையீரலுக்கும் அது வைத்தியம் கிடையாது, நுரையீரல் தானாகத் தேறுகிற வரைக்கும் அதன் வேலையை வெளியே இருந்து செய்துகொடுக்கிற ஏற்பாடு, அவ்வளவுதான். தொடையிடுக்கில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாயைச் செருகி, ரத்தத்தை வெளியே இழுத்து, பம்ப் வழியாக ஒரு செயற்கை நுரையீரலுக்குள் அனுப்புவார்கள். அது உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி, உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள். குழலுக்குள் ஆக்சிஜன், குழலைச் சுற்றி ரத்தம். கருஞ்சிவப்பாகப் போன ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் வெளியே வந்து, கழுத்திலுள்ள ரத்தக்குழாய் வழியாக மறுபடி உடம்புக்குள் போகும். நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் வரை இப்படி ஓடும். படுக்கைக்கு அருகில் நின்றால் இரண்டு குழாய்களுக்கும் உள்ள நிற வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே தெரியும், இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் நாங்கள் பதறுவோம்.

இதில் இரண்டு வகை உண்டு. இதயமும் நின்றுவிடுகிற நிலையில் ரத்தத்தை எடுத்துத் தமனியில் திருப்பிவிடுவது ஒரு வகை, ஜெயலலிதா அவர்களுக்கு இதயத்துடிப்பு நின்றபின் போட்டது இதயத்தைத் தாங்குவதற்காக. இன்னொன்று, இதயம் ஓடுகிறது, நுரையீரல்தான் கைவிட்டுவிட்டது என்கிறபோது சிரையில் எடுத்துச் சிரையிலேயே விடுவது. எஸ்பிபி அவர்களுக்குக் கொரோனாவில் நுரையீரல் போனதற்காகப் போட்டார்கள். தீப்புகையில் நுரையீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். எனவே அந்த இரண்டு பேருக்கு நடந்ததை வைத்து 31 வயதுப் பையனுக்குக் கணக்குப் போடாதீர்கள். வயதும் வேறு, வியாதியும் வேறு.

புகை என்ன செய்யும் என்றால், சூடு பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடும், அங்கேதான் வீங்கி மூச்சை அடைக்கும், அதனால்தான் சேர்த்த அன்றே குழாய் போட்டிருக்கிறார்கள், நல்ல முடிவு. ஆனால் எரிந்த சோபா, பிளாஸ்டிக்கின் நச்சுப் பொருள்கள் கரித்துகளோடு சேர்ந்து கீழே சிறு குழல்கள் வரை இறங்கிவிடும். உட்சவ்வு உரிந்து, சளி, ரத்தக்கசிவு, கரி எல்லாம் சேர்ந்து அச்சு வார்த்த மாதிரி கட்டிகளாக அடைத்துக்கொள்ளும். அதற்குமேல், பெரிய தீக்காயம் உடம்பு முழுக்க ஒரு கொந்தளிப்பை உண்டாக்கி ரத்தக்குழாய்களைக் கசியவைப்பதால் நுரையீரலில் நீர் கோக்கும். இந்த நிலையில் வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அந்த அழுத்தமே மிச்சமிருக்கும் நுரையீரலைக் கிழிக்கும். எக்மோ போட்டால் வென்டிலேட்டரைக் குறைத்து நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கலாம். இதுதான் இதனால் கிடைக்கும் நிஜமான பலன்.

ஆனால் அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. டாக்டரிடம் சண்டைக்குப் போகிற தொனியில் இல்லாமல் இவற்றைக் கேளுங்கள். மூச்சின் அளவைக் குறைத்து, கிலோவுக்கு 6 மில்லி கணக்கில் வைத்திருக்கிறார்களா? தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தாகிவிட்டதா? குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார்களா? (நெஞ்சிலும் முகத்திலும் காயம் இருப்பதால் கஷ்டம்தான், ஆனாலும் முடியாதது இல்லை.) பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை விட்டு, கரிக் கட்டிகளை எடுத்தார்களா? இதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. நெஞ்சைச் சுற்றி ஆழமாக வெந்திருந்தால் அந்தத் தோல் இடுப்பு பெல்ட் போல இறுகிவிடும், மார்பு விரியவே முடியாது. அப்போது அந்தக் கருகிய தோலை நீளவாக்கில் கீறிவிட்டால் படுக்கையிலேயே மூச்சு சீராவதை நான் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி நிறைய சலைன் ஏறியவர்களுக்கு வயிறு உப்பி, நுரையீரலைக் கீழிருந்து நெருக்கும். அந்த அழுத்தத்தையும் அளந்துவிட்டார்களா என்று கேளுங்கள். இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய காரணங்கள், இவை இருக்கும்போது எக்மோவுக்கு ஓடக்கூடாது.

ஆதாரம் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் செயலிழந்த பெரியவர் ஒருவர் இந்த முறையில் முதன்முதலில் பிழைத்தது 1971ல், கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட 24 வயது இளைஞர். 75 மணி நேரம் கருவியில் இருந்தார். 1975ல் ராபர்ட் பார்ட்லெட் அதே மாநிலத்தில் பிறந்த குழந்தை ஒன்றைக் காப்பாற்றினார். அப்புறம் 2009ல் பிரிட்டனில் 180 பேரை வைத்து வந்த சீசர் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் பெரிய ஊனமில்லாமல் ஆறு மாதம் தாண்டினார்கள், அனுப்பப்படாதவர்களில் 47. 2018ல் வந்த இயோலியா ஆய்வில் 249 பேர், 60 நாளில் இறந்தவர்கள் எக்மோ பக்கம் 35 சதவீதம், மறுபக்கம் 46. புள்ளியியல் கணக்கில் இந்த இரண்டாவது வித்தியாசம் உறுதி என்று சொல்லுமளவுக்கு வரவில்லை, ஆனால் மறுபக்கத்தில் இருந்தவர்களிலும் நிலைமை முற்றியபோது கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு எக்மோ போட வேண்டிவந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இவை பொதுவாக நுரையீரல் செயலிழந்தவர்களுக்கான ஆய்வுகள், தீக்காயத்துக்காக நடத்தியவை இல்லை. தீக்காயத்தில் இருப்பது ஒவ்வொரு மையமும் தேர்ந்தெடுத்துப் போட்ட சிறு எண்ணிக்கை அனுபவங்கள். அவற்றில் பிழைத்தவர்கள் ஏறக்குறைய பாதி, சில இடங்களில் அதற்குக் கீழே, சில இடங்களில் மேலே. அதாவது நம்பிக்கைக்கு இடமிருக்கிறது, உத்தரவாதத்துக்கு இடமில்லை.

தாமரைக்குளம்

மன்னிக்கவும், உங்கள் மனதைப் புண்படுத்த இல்லை, ஆனால் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மாதிரி மெஷின் எல்லாம் கடைசி நேரத்தில் பில்லை ஏற்றத்தான். எங்கள் தெருவில் ஒருவருக்கு எக்மோ போட்டு, வீட்டை அடமானம் வைத்துக் கடைசியில் உடலைத்தான் வாங்கிவந்தார்கள். நிலத்தை விற்க விடாதீர்கள் ஐயா.

செவ்வரளி

தாமரைக்குளம் அண்ணா, அந்தக் குடும்பத்துக்கு நடந்தது கொடுமைதான். போடக்கூடாதவருக்குப் போடுகிற இடங்களும் இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே கேட்பவர் 31 வயதுப் பையனுக்காகக் கேட்கிறார், இன்றிரவு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் பில்லுக்குத்தான் என்று சொல்லிவிட்டால் அவர் எதைக் கேட்பார்?

நான் தீக்காய வார்டில் நர்ஸ், எக்மோ ஓடுகிற ஐசியுவிலும் வேலை பார்த்திருக்கிறேன். டாக்டர் சார் நுரையீரல் பக்கம் சொல்லிவிட்டார், நான் தோல் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய தீக்காயத்தில் உயிரைத் தீர்மானிப்பது கடைசியில் தோல்தான். வெந்த தோல் உடம்பில் இருக்கிற வரைக்கும் கிருமிக்கு அது சாப்பாடு. அதைச் செதுக்கி எடுத்து, நல்ல தோலால் மூடுகிற வரை நுரையீரல் தேறினாலும் அடுத்த வாரம் செப்டிக் ஆகிவிடும். இங்கேதான் பெரிய முரண்பாடு. எக்மோ குழாய்க்குள் ரத்தம் உறையக்கூடாது என்று ஹெப்பாரின் போடுவார்கள். தோலைச் செதுக்கும்போது சாதாரணமாகவே ரத்தம் கொட்டும், ஹெப்பாரினோடு செதுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரெஸ்ஸிங் மாற்றி ஒரு மணி நேரத்தில் பஞ்சு, துணி, கீழே விரித்த ஷீட் எல்லாம் நனைந்துவிடும். நாங்கள் துணியை எடைபோட்டு ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கு எழுதுவோம். அனுபவமுள்ள குழு ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னால் ஹெப்பாரினை நிறுத்தி, பம்ப் ஓட்டத்தைக் கூட்டிவைத்து, ஒரே தடவையில் நிறைய எடுக்காமல் ஒரு கை, அப்புறம் ஒரு நெஞ்சுப் பகுதி என்று சிறுகச் சிறுக எடுத்து, அட்ரினலின் கலந்த துணியால் அழுத்திப் பிடித்து முடிப்பார்கள். அனுபவமில்லாத இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும், ரத்தத்துக்குப் பயந்து தோல் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது ரத்தம் நிற்காமல் போகும்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "அங்கே எக்மோ இருக்கிறதா" என்பது மட்டும் இல்லை. "அங்கே தீக்காய ஆபரேஷன் செய்கிற பிளாஸ்டிக் சர்ஜன் குழு அதே கட்டடத்தில் இருக்கிறதா, எக்மோவில் இருக்கும்போது தோலை எடுத்து ஒட்டுவார்களா" என்று கேளுங்கள். இதய ஆஸ்பத்திரியில் அருமையான எக்மோ இருக்கலாம், அங்கே தீக்காய டிரெஸ்ஸிங் செய்யத் தெரிந்த ஒருத்தர்கூட இல்லாமல் இருக்கலாம். கீழ்ப்பாக்கம் மாதிரி பேர்பெற்ற தீக்காய வார்டுகளில் தோல் வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள், எக்மோ வேறெங்கோ இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் குறைவு, ஆனால் அதைத்தான் தேட வேண்டும்.

அப்புறம் சின்னச் சின்னதாகச் சில விஷயம். குழாய் போடுகிற தொடையிடுக்கும் கழுத்தும் வேகாமல் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். வெந்த தோல் வழியாகக் குழாய் போட்டால் தையல் நிற்காது, கிருமியும் அந்த வழியாகவே இறங்கும். அவரைத் திருப்பிப் போட ஐந்து ஆறு பேர் வேண்டும், ஒருவர் குழாயை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நல்லதும் உண்டு: எக்மோவில் ரத்தத்தைச் சூடாக வைக்கும் அமைப்பு இருப்பதால், தோல் இல்லாமல் உடம்பு குளிர்ந்துபோகிற பிரச்சினை குறையும். அதே காரணத்தால் காய்ச்சல் வந்தாலும் வெளியே தெரியாது, அதனால் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் அடிக்கடி எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

குழல்காரன்

எக்மோ ஓட்டுகிற பெர்ஃப்யூஷனிஸ்ட் நான். செவ்வரளி அக்கா சொன்ன ஒவ்வொரு வரியும் நிஜம். மெஷின் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

தீக்காயக்காரரின் உடம்பு எந்நேரமும் கசிந்துகொண்டே இருக்கும். சிரையில் ரத்தம் குறைந்தால் எங்கள் குழாய் உறிஞ்சும்போது சிரையின் சுவர் வந்து ஒட்டிக்கொள்ளும், அப்போது குழாய் முழுக்க உதறும், பாம்பு துள்ளுகிற மாதிரி படுக்கை விரிப்பில் அடித்துக்கொள்ளும். ஓட்டம் குறையும், ஆக்சிஜன் இறங்கும். உடனே சலைன் ஏற்றினால் உதறல் நிற்கும், ஆனால் அந்த நீர் மறுபடி கசிந்து கை கால் வீங்கும், நுரையீரலுக்கும் போகும். முதல் இரண்டு நாளில் எக்மோ போடுவது கடினமாவது இதனால்தான். பார்க்லண்ட் கணக்குப்படி எடையையும் தீக்காயச் சதவீதத்தையும் 4 மில்லியால் பெருக்கி அவ்வளவு சலைனை முதல் 24 மணி நேரத்தில் ஏற்றுவார்கள், 70 கிலோ ஆளுக்கு 42 சதவீதம் என்றால் அதுவே 12 லிட்டருக்கு ஒட்டி வந்துவிடும். அந்தக் கட்டம் தாண்டியபின், ஆனால் வென்டிலேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடுவதற்கு முன், இந்த இடைவெளியில்தான் பொதுவாக நல்ல வாய்ப்பு. ரொம்ப நாள் உயர் அழுத்தத்தில் கிடந்த நுரையீரலைக் கொண்டுவந்தால் நாங்கள் தாங்கிப் பிடிக்கலாம், அது திரும்பி வராது.

இரண்டாவது, வலி மருந்தும் மயக்க மருந்தும். ஃபென்டனில், மிடசோலம் மாதிரி மருந்துகள் எங்கள் பிளாஸ்டிக் குழாயிலும் சவ்விலும் ஒட்டிக்கொண்டுவிடும். தீக்காயத்துக்கு ஏற்கனவே நிறைய வலி மருந்து தேவை, எக்மோவில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அவர் முகத்தைச் சுளித்தால், இதயத்துடிப்பு ஏறினால், தயங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

தாமரைக்குளம் ஐயாவுக்கு ஒன்று. 2015 ஜூன் 27 அன்று தைவானில் நீர்ப்பூங்கா ஒன்றில் வண்ணப்பொடி தீப்பற்றிக் கிட்டத்தட்ட 500 பேர் வெந்தார்கள், பலருக்கு 40 சதவீதத்துக்கு மேல். இறந்தவர்கள் 15 பேர். அவ்வளவு பேரைக் காப்பாற்றியது ஏதோ ஒரு மெஷின் இல்லை, படுக்கைகளும் தோல் ஆபரேஷன்களும் ஒரு பெரிய தீக்காயத்தைப் பார்க்கத் தெரிந்த ஆட்களும்தான். மெஷின் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. ஆனால் 42 சதவீதம், இந்த வயது, இது மூடக்கூடிய காயம். நுரையீரல் மட்டும் குறுக்கே நிற்கிறது என்றால் அந்த நாள்களைக் கடத்திவிட ஒரு வழி இருப்பது வீண் இல்லை.

கல்லணைப் பாதை

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்கு 67 வயது, 60 சதவீதம், புகையும் உள்ளே போயிருந்தது. எக்மோ போடுங்கள் என்று நாங்கள்தான் வற்புறுத்தினோம். டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். வயதையும் தீக்காயச் சதவீதத்தையும் கூட்டி, புகைக் காயம் இருந்தால் 17 சேர்ப்பார்களாம், பாக்ஸ் கணக்கு என்று சொன்னார். அப்பாவுக்கு 144 வந்தது. "இந்த எண்ணுக்கு நுரையீரலை நான் ஓட்டிக் கொடுத்தாலும் மூடுவதற்கு அவர் உடம்பில் தோல் மிச்சமில்லை, மெஷினில் வைத்து வலியை நீட்டிக்கத்தான் முடியும்" என்றார். அன்று அவர்மேல் எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள், அம்மா கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க விட்டார்கள்.

உங்கள் மச்சினனுக்கு 31, 42, 17 கூட்டினால் 90 வருகிறது. அப்பாவின் நிலைமை வேறு, இவருடையது வேறு என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். போட மாட்டோம் என்று ஒரு டாக்டர் சொன்னாலும் அதற்குக் காரணத்தைக் கேளுங்கள், காரணம் சொல்கிற டாக்டரை நம்பலாம்.

வைகைக்கரை

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. டாக்டர் கேட்கச் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கேட்டேன். பிராங்கோஸ்கோப்பி ஏற்கனவே இரண்டு முறை செய்து கரி எடுத்திருக்கிறார்கள். நெஞ்சுத் தோலை இன்று காலை கீறிவிட்டிருக்கிறார்கள், கொஞ்சம் பலன் தெரிந்தது, பிறகு மறுபடி இறங்கிவிட்டது. குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். தொடையிடுக்கில் காயம் இல்லை. பி-எஃப் விகிதம் 70 என்று ஒரு எண் சொன்னார், கொடுக்கிற ஆக்சிஜனில் எவ்வளவு ரத்தத்தில் ஏறுகிறது என்ற கணக்காம், குறையக் குறைய மோசமாம். தீக்காயக் குழுவும் எக்மோவும் சேர்ந்திருக்கிற ஒரு ஆஸ்பத்திரியை அவரே விசாரித்து வைத்திருக்கிறார், ஆனால் ஆம்புலன்ஸில் நாலு மணி நேரம். வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எத்தனை நாள் மெஷினில் இருக்க வேண்டியிருக்கும், எப்போது போதும் என்று நிறுத்துவார்கள், இதையும் சொல்லுங்கள். பண விஷயத்தில் எதை முன்கூட்டியே கேட்பது?

இரவுப்பணி

உங்கள் டாக்டர் சரியான வரிசையில்தான் போயிருக்கிறார், அவரை நம்புங்கள். பி-எஃப் 80க்குக் கீழே ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றால் எக்மோவை யோசிக்கலாம் என்பது இயோலியா ஆய்வில் வைத்த எல்லை, 50க்குக் கீழே என்றால் மூன்று மணி நேரமே போதும். அவர் அந்த வாசலில் நிற்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுக்காமல் இன்றிரவே அந்த மையத்து டாக்டரோடு இவரைப் போனில் பேசவையுங்கள்.

நாலு மணி நேரப் பயணம் பற்றி: சில பெரிய மையங்கள் குழுவையே அனுப்பி, நீங்கள் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே குழாய் போட்டு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆக்சிஜன் ஏறாத நோயாளியை வென்டிலேட்டரோடு அனுப்புவதைவிட அது பத்திரம். அந்த வசதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தாங்குகிற நிலையில் இருக்கும்போதே புறப்பட வேண்டும், முற்றியபின் நகர்த்தவே முடியாது.

எத்தனை நாள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. புகைக் காயத்தில் ஒன்று இரண்டு வாரத்தில் இறக்கியவர்களும் உண்டு, அதற்கு மேல் போனவர்களும் உண்டு. தினமும் எக்ஸ்ரே தெளிகிறதா, மெஷினுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தால் அவர் நுரையீரல் சமாளிக்கிறதா என்று சோதிப்பார்கள். நிறுத்துகிற பேச்சை ஏற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: மூளையில் ரத்தக்கசிவு வந்தால் என்ன செய்வீர்கள், சிறுநீரகமும் கல்லீரலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் என்ன, தோலை மூட முடியாத நிலை வந்தால் என்ன என்று. எக்மோ ஓடும்போது மூளையில் ரத்தம் கசிவது நாங்கள் மிகவும் பயப்படுகிற விஷயம், அதை மறைத்துப் பேசுகிற ஆளிடம் போகாதீர்கள்.

பணம்: போடுவதற்கு ஆரம்பச் செலவு தனி, ஒரு நாள் செலவு தனி, செயற்கை நுரையீரல் பெட்டியில் ரத்தம் கட்டிப்போய் மாற்ற வேண்டிவந்தால் அது தனி, ரத்தம், டயாலிசிஸ், தோல் ஆபரேஷன் தனி. நாலையும் பிரித்து எழுதித் தரச்சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எதெது அதில் வரும் என்று இன்றே கேட்டுவிடுங்கள். மாமனார் நிலத்தை விற்பதற்கு முன் இந்தக் காகிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.

செவ்வரளி

வைகைக்கரை அண்ணா, தோலைப் பற்றியும் அங்கே போனதும் கேளுங்கள். 42 சதவீதத்துக்கு அவர் உடம்பிலிருந்தே எல்லாத் தோலையும் ஒரேயடியாக எடுக்க முடியாது, எடுக்கிற இடமும் ஒரு புண்தான், ஹெப்பாரினோடு அதுவும் கசியும். அதனால் தோல் வங்கியில் இருந்து தானத் தோல் வாங்கித் தற்காலிகமாக மூடிவைப்பார்கள். நவி மும்பை ஐரோலியில் இருக்கிற தேசியத் தீக்காய மையத்தில் அப்படி ஒரு வங்கி இருக்கிறது, கிளிசராலில் பதப்படுத்திக் குளிரில் வைத்த தோல் வருஷக்கணக்கில் கெடாது, ரத்த வகை பொருந்த வேண்டியதும் இல்லை. உங்கள் ஆஸ்பத்திரி எந்த வங்கியிலிருந்து வாங்குகிறது, இப்போதே சொல்லிவைத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

கிளம்பும்போது கேஸ் ஷீட் நகல், பிராங்கோஸ்கோப்பி ரிப்போர்ட், கல்ச்சர் ரிப்போர்ட், கடைசியாக எத்தனை மணிக்கு எந்த வலி மருந்து போட்டார்கள் என்ற குறிப்பு, எவ்வளவு சலைன் ஏறியது, எவ்வளவு சிறுநீர் வந்தது என்ற கணக்குத் தாள், எல்லாம் ஒரே கவரில் உங்கள் கையில் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள். அக்காவையோ மாமியாரையோ ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டாம், நீங்கள் பின்னால் வேறு வண்டியில் போங்கள். ரத்தம் கொடுக்க ஆள் தேவைப்படும், நண்பர்கள் பட்டியலை இப்போதே போடச்சொல்லுங்கள்.

வைகைக்கரை

அந்த மையத்து டாக்டரும் இவரும் பேசிவிட்டார்கள். குழு அவர்கள் ஆம்புலன்ஸில் புறப்பட்டு வருகிறது, இங்கேயே குழாய் போட்டு எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செலவுக் காகிதம் கேட்டிருக்கிறேன், வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். எது நடந்தால் என்ன செய்வது, நிறுத்துவது எப்போது என்று நீங்கள் எழுதிய கேள்விகளை மாமனாரிடமும் படித்துக் காட்டினேன், அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சரி, போடச்சொல் என்றார். ஓ பாசிட்டிவ், மதுரை சுற்றுவட்டாரத்தில் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.